எடையில்லாமல் வாழக் கற்றவர்: ஆர்தர் சி. கிளார்க்கைத் திருக்கோணமலைக் கடலுக்கு இழுத்து வந்தது எது?

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். வீட்டு மாடியில் வானத்தைப் பார்த்து நிற்கும் டிஷ். தோட்டத்துக்கு நடுவில் வாய் பிளந்து கிடக்கும் கிணறு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? பார்த்தால் ஒண்ணும் இல்லைதான். ஆனா இந்த இரண்டையும் ஒரே வாழ்க்கைக்குள் முடிச்சுப் போட்டு வைத்த ஒரு மனிதர் இருந்தார்.

அந்த டிஷ் பெரும்பாலும் தென்கிழக்கு வானத்தை நோக்கித்தான் நிற்கும். அங்கே, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டு, நமக்கு நகராதது போலத் தெரியும் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. அந்தப் பாதைக்குக் கிளார்க் சுற்றுப்பாதை என்று ஒரு பெயர் உண்டு. உலகத்துக்கே தகவல் தொடர்பு கொடுக்க அந்த இடம் போதும் என்று 1945-லேயே கணக்குப் போட்டு எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க்.

கிணறு? அங்கேதான் அவருடைய வாழ்க்கையின் பாதி ஒளிந்திருக்கிறது. முதுகில் சுரைக்குடுக்கையோ, காலி பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குத் தெரியும்: தண்ணீரில் இறங்கியதும் உடம்பின் பாரம் எங்கேயோ போய்விடும். மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை என்கிற ஒரு நொடி வரும். அந்த ஒரு நொடியை மணிக்கணக்கில் நீட்டிக்க ஆசைப்பட்டுத்தான் கிளார்க் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்தார். வந்தவர் திரும்பவே இல்லை.

கணக்கு எழுதிய பையன்

1917 டிசம்பர் 16 அன்று, இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தார். நாலு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா முதல் உலகப் போரில் பணியாற்றியவர். ஆர்தருக்கு 13 வயதாகும்போது இறந்துவிட்டார். பண்ணையை வைத்துக்கொண்டு அம்மா குடும்பத்தைச் சமாளித்தார். பையன் கையாலேயே ஒரு தொலைநோக்கி செய்து நிலாவைப் பார்த்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். அமெரிக்காவிலிருந்து வந்த அறிவியல் கதைப் பத்திரிகைகள் என்றால் உயிர்.

கல்லூரிக்குப் போகக் காசில்லை. 1936-ல் லண்டனுக்குப் போய் அரசுத் தணிக்கைத் துறையில் குமாஸ்தா வேலை. பகலில் கணக்குப் புத்தகம், மாலையில் ராக்கெட். விண்வெளிப் பயணம் சாத்தியம் என்று நம்பிய சின்னக் கூட்டமான பிரிட்டிஷ் கோள்களிடைச் சங்கத்தில் சேர்ந்தார்; பிற்காலத்தில் அதன் தலைவராகவும் இருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் ராடார் வேலை. மூடுபனியில் கண் தெரியாமல் வரும் விமானத்தைத் தரையிலிருந்து வழிகாட்டி இறக்கும் கருவியில் பணியாற்றினார். அந்த வேலையில் இருந்தபோதுதான், 1945 அக்டோபரில், 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. பூமியைச் சுற்றிச் சம இடைவெளியில் மூன்று நிலையங்கள் வைத்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்பது சாரம். கிடைத்த சம்பளம் 15 பவுண்டு. காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. தன் ஆயுளுக்குள் இது நடக்கும் என்று அவரே பெரிசாக எதிர்பார்க்கவில்லை. ஆனா 1964-ல் சின்காம்-3 அந்த உயரத்தில் போய் நின்றது. 19 வருஷம்தான்.

போர் முடிந்ததும் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து 1948-ல் முதல் வகுப்பில் தேறினார். 1951-ல் வந்த 'தி எக்ஸ்ப்ளோரேஷன் ஆஃப் ஸ்பேஸ்' புத்தகம் அமெரிக்காவில் நன்றாக விற்றது. எழுத்தையே தொழிலாக வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கையில் பணம் வந்தது. இவ்வளவு வரை ஒரு விண்வெளி ஆர்வலரின் வழக்கமான கதை. இங்கிருந்துதான் பாதை திரும்புகிறது.

வானத்துக்குப் போக வழியில்லை, கடல் இருக்கு

1950-களின் தொடக்கம். மனிதன் விண்வெளிக்குப் போக இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. எடையின்மை பற்றி எழுதுகிற கிளார்க்குக்கு அது எப்படி இருக்கும் என்று அனுபவித்துப் பார்க்க வழியே இல்லை. பூமியில் அதற்கு ஏறக்குறைய பக்கத்தில் வரக்கூடிய ஒரே இடம் தண்ணீருக்கடியில் என்பது அவருக்குப் பிடிபட்டது.

சரியான சமயம் அது. 1943-ல் பிரான்ஸில் ழாக் குஸ்தோவும் எமில் கான்யானும் சேர்ந்து அக்வாலங் என்ற கருவியை உருவாக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் கடலடியில் வேலை செய்ய வேண்டுமென்றால் செம்புத் தலைக்கவசம், ஈயம் வைத்த பூட்ஸ், மேலே படகிலிருந்து காற்றுக் குழாய். அந்த ஆள் தரையில் நடப்பார், நீந்த மாட்டார். அக்வாலங் வந்த பிறகு காற்றை முதுகிலேயே சுமந்துகொண்டு மீன் மாதிரி போகலாம். (அந்த சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்கள். தூய ஆக்ஸிஜனை ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து.)

கிளார்க் லண்டனில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டார். மைக் வில்சன் என்ற இளைஞர் கூட்டாளியானார். கேமராவும் கடலும் என்றால் வேறு எதுவும் தேவைப்படாத ஆள் அவர். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டைப் படம் எடுத்து ஒரு புத்தகம் போடுவது என்று இருவரும் கிளம்பினார்கள். போகும் வழியில், 1954 டிசம்பரில், கப்பல் கொழும்பில் கொஞ்ச நேரம் நின்றது. அந்தச் சில மணி நேரத்தில் ராட்னி ஜோங்க்ளாஸ் என்ற விலங்கியலாளரைச் சந்தித்தார்கள். தெஹிவளை மிருகக்காட்சி சாலையில் வேலை பார்த்த இவர், இலங்கைக் கடலைக் கைரேகை மாதிரி தெரிந்து வைத்திருந்தவர். ஆஸ்திரேலிய வேலை முடிந்ததும் இங்கே வந்துவிட வேண்டும் என்ற எண்ணம் அப்போதே விழுந்துவிட்டது.

பவளத்திட்டு அனுபவம் 'தி கோஸ்ட் ஆஃப் கோரல்' என்ற புத்தகமாக 1956-ல் வந்தது. அதே வருஷம் கிளார்க் இலங்கையில் குடியேறினார்.

இரட்டை சிலிண்டர் கணக்கு

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு கேள்வியைப் பார்த்துவிடலாம். முதுகில் அவ்வளவு பெரிய இரும்பையோ அலுமினியத்தையோ கட்டிக்கொண்டு இறங்குகிறார்களே, பிறகு எதற்கு இடுப்பில் ஈயக்கட்டி வேறு?

ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான் விடை. ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு அதை மேலே தள்ளும் விசை இருக்கும். பொருளின் எடை அதைவிடக் கூட இருந்தால் மூழ்கும், குறைந்தால் மிதக்கும், சமமாக இருந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். முக்குளிப்பவருக்கு வேண்டியது மூன்றாவது நிலை.

இப்போது இன்றைக்கு உலகம் முழுக்கச் சுற்றுலாக் கடற்கரைகளில் வாடகைக்குக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அலுமினியம் லேசான உலோகம். ஆனா எஃகு அளவுக்கு வலு கிடையாது. அதனால் 200 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்க அதன் சுவரைத் தடிமனாகச் செய்ய வேண்டியிருக்கிறது. விளைவு வேடிக்கையானது. கரையில் தூக்கினால் அதே அளவு காற்றுப் பிடிக்கும் எஃகு சிலிண்டரைவிட அலுமினியம் பெரும்பாலும் கூடுதலாகவே கனக்கும். தண்ணீருக்குள் போனால் தடித்த சுவரும் சேர்ந்து நிறைய நீரை ஒதுக்குவதால், லேசாகிவிடும்.

வால்வோடு சேர்த்துக் காலி சிலிண்டர் சுமார் 15 கிலோ. உள்ளே அடைக்கும் காற்றுக்கும் எடை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நிரப்பிய சிலிண்டரில் அது ஏறக்குறைய 2.7 கிலோ. நிறைந்த சிலிண்டரைக் கடல்நீரில் விட்டால் முக்கால் கிலோ போல மூழ்கும் பக்கம் இழுக்கும். மூச்சு இழுத்து இழுத்துக் காலியாக ஆக, அந்த 2.7 கிலோ குமிழியாகக் கடலில் போய்விடும். கடைசியில் அதே சிலிண்டர் ஒன்றே முக்கால் கிலோ, இரண்டு கிலோ அளவுக்கு மேலே இழுக்கத் தொடங்கும்.

இரண்டு சிலிண்டரைச் சேர்த்துக் கட்டினால் எல்லாமே இரட்டிப்பு. இறங்கும்போது ஒன்றரை கிலோ கீழே, முழுக்கக் காலியானால் ஏறக்குறைய நாலு கிலோ மேலே. ஆக 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம். கால்வாசிக் காற்றை அவசரத்துக்கு மிச்சம் வைத்துவிட்டு வந்தாலும் 4 கிலோ மாறியிருக்கும். நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, மூச்சுதான் விட்டீர்கள். அதற்குள் வேறு ஒரு எடைக்காரராக மாறிவிட்டீர்கள்.

இதில் ஆபத்து முடிவில்தான் இருக்கிறது. ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்தவர் நேராக மேலே வரக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற, மேற்பரப்புக்கு ஐந்தாறு மீட்டர் கீழே நின்று காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சிலிண்டர் காலியாகி உங்களைக் கார்க் மாதிரி மேலே தள்ளினால், மூட்டு வலியில் தொடங்கி முடக்குவாதம் வரை போகலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் நுரையீரல் கிழியும். அதனால் ஈயக்கட்டியைக் கணக்குப் போடுவது இறங்கும் நேரத்துக்காக இல்லை. திரும்பி வரும் நேரத்துக்காக. காலி சிலிண்டரோடு ஐந்து மீட்டரில் நிற்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஈயம். அப்படியென்றால் தொடக்கத்தில் நாலைந்து கிலோ அதிக பாரத்தோடுதான் இறங்கியாக வேண்டும்.

இன்று அதற்கு ஒரு ஜாக்கெட் இருக்கிறது. காற்றை நிரப்பி, விட்டு, அந்த அதிக பாரத்தைச் சரி செய்துகொள்ளலாம். கிளார்க்கும் வில்சனும் இலங்கைக் கடலில் இறங்கிய 1950-களில் அந்த ஜாக்கெட் புழக்கத்திலேயே இல்லை. அலுமினிய சிலிண்டர் பரவலானதும் 1970-களில்தான். அன்றைக்குப் பெரும்பாலும் எஃகு. ஆனா உலோகம் எதுவானாலும் காற்றின் எடை அதேதான், குறைவதும் அதேதான். ஒரு பெல்ட், கொஞ்சம் ஈயம், பிறகு சொந்த நுரையீரல். இழுத்துப் பிடித்தால் கொஞ்சம் ஏறலாம், விட்டால் இறங்கலாம். முழு மூச்சுக்கும் வெறும் நுரையீரலுக்கும் இடையே நாலைந்து லிட்டர் வித்தியாசம் உண்டு. லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்தால் அதுதான் அவர்கள் கையிலிருந்த ஜாக்கெட்.

இன்னொரு சங்கதி. கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனம். ஆளும் கருவியும் சேர்த்து 100 லிட்டர் நீரை ஒதுக்கினால், கடல் அவரை இரண்டரை கிலோ கூடுதலாகத் தாங்கும். பாப்பிரெட்டிப்பட்டிக் கிணற்றிலோ வாணியாறு அணையிலோ ஒருவர் சரியாகக் கணக்குப் போட்டுக் கட்டிய ஈயம், திருக்கோணமலையில் அவரை உள்ளே போகவே விடாது.

தமிழ்க் கடற்கரைக்கு இந்தக் கணக்கு புதிசும் இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து வேகமாக இறங்குவார்கள். அடிக்குப் போனதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். இறங்க ஒரு பாரம், ஏற வேறு பாரம். சிலிண்டர் இல்லாமலே அந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்திருந்தார்கள்.

சுவாமி மலைக்குக் கீழே

திருக்கோணமலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கும் பாறைக்குச் சுவாமி மலை என்று பெயர். சம்பந்தர் பதிகம் பெற்ற கோணேஸ்வரம் அங்கேதான் இருந்தது. 1620-களில் போர்த்துகீசியர்கள் கோயிலை இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போனது, மிச்சம் பாறையிலிருந்து கடலுக்குள் போனது. அதற்குப் பிறகு முந்நூறு வருஷத்துக்கு மேலாகப் பக்தர்கள் கோயில் இல்லாத பாறை உச்சியில் நின்று கடலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். 1950-ல் அந்த ஊரில் கிணறு தோண்டும்போது பழைய வெண்கலச் சிலைகள் சில மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. கோயிலை மறுபடி கட்ட வேண்டும் என்ற பேச்சு அதோடு சூடு பிடித்தது.

1956-ல் வில்சனும் கிளார்க்கும் அந்தப் பாறைக்கு அடியில் இறங்கினார்கள். கடலடியில் அவர்கள் பார்த்தது வெறும் பாறைக் குவியல் இல்லை. செதுக்கிய தூண்கள், பூ வேலைப்பாடுள்ள கற்கள், கட்டடத்தின் துண்டுகள். இடித்துத் தள்ளிய கதை உண்மைதான் என்பதற்கு மனிதக் கண் பார்த்த சாட்சி. அங்கிருந்து வில்சன் ஒரு லிங்கத்தையும் மேலே கொண்டுவந்தார்.

இப்படி ஒரு இடத்தில் எடைக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாரம் கூடினால் அடியில் கிடந்து மணலைக் கிளப்பி, தேடி வந்ததையே மறைத்துவிடுவோம். குறைந்தால், அலை மோதும் பாறை அடிவாரத்தில் நம்மைப் பாறை மேலேயே கொண்டுபோய் அடிக்கும். தூணின் மேல் கை படாமல், ஒரு முழம் உயரத்தில் அசையாமல் நின்று படம் எடுக்க வேண்டும். கிளார்க் தேடி வந்த எடையின்மை அங்கே ஒரு பொழுதுபோக்கு இல்லை, வேலைக்கான கருவி.

கோணேஸ்வரம் பற்றிய பேச்சில் கிளார்க்கின் பெயர்தான் முன்னால் வருகிறது. உலகப் புகழ் அவருக்கு. ஆனா நியாயமாகப் பார்த்தால் தண்ணீருக்குள் அதிகம் உழைத்தது வில்சன். கிளார்க் எழுதினார், 1957-ல் வந்த 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரபேன்' இலங்கைக் கடலைப் பற்றிய அவருடைய புத்தகம். கோயில் மீண்டும் கட்டப்பட்டு 1963-ல் குடமுழுக்கு நடந்தது. வில்சன் பின்னாளில் கேமராவை ஒதுக்கிவிட்டுக் கதிர்காமத்து முருகன் பக்கம் போனார். சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் துறவியாக வாழ்ந்து 1995-ல் மறைந்தார். கிளார்க்கோ கடைசி வரை எந்த மதத்தையும் ஏற்கவில்லை. ஒரே கடலில் சேர்ந்து இறங்கிய இருவர் இப்படி ஆளுக்கொரு திசையில் போனது தனியாக எழுத வேண்டிய கதை.

வெள்ளி மூட்டை

1961 மார்ச். இலங்கையின் தென்கிழக்கு மூலையில், கிரிந்தைக்கு எதிரே கடலுக்குள் கிரேட் பாசஸ் என்ற பாறைத் தொடர் இருக்கிறது. 1873-ல் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று அங்கே தனியாக நிற்கும். வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் அங்கே கடல் அடங்கும். வில்சன் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு படம் எடுக்கப் போயிருந்தார். கிளார்க் அந்தப் பயணத்தில் இல்லை. பாறைகளுக்கு நடுவே ஒரு பித்தளைப் பீரங்கி தெரிந்தது. அதன் பக்கத்தில் வெள்ளிக் காசுகள். ஔரங்கசீப் பெயரில் சூரத் நகரில் அடித்த ரூபாய்கள், ஹிஜ்ரி 1113, அதாவது 1702 வாக்கில். மூட்டைக்கு ஆயிரம் காசு என்று கட்டியது, மூட்டை மக்கிப்போன பிறகும் அதே வடிவத்தில் கட்டியாக இறுகிக் கிடந்தது.

ஒரு முகலாய ரூபாய் ஏறக்குறைய பதினொன்றரை கிராம். ஆயிரம் காசு என்றால் பதினொன்றரை கிலோ. வெள்ளி அடர்த்தியான உலோகம் என்பதால் கடல் அதில் ஒரு கிலோ சொச்சத்தைத்தான் தாங்கும்; மீதிப் பத்து கிலோ முக்குளிப்பவர் கையில். எடையைக் கிலோ கிலோவாகக் கணக்குப் போட்டு இறங்கியவருக்கு ஒரே மூட்டையில் எல்லாம் தலைகீழ். கையில் பிடித்துக்கொண்டு நீந்தி ஏறுவதும் ஆபத்து. நடுவழியில் கை நழுவினால் சட்டென்று லேசாகி மேலே பாய்ந்துவிடுவார். புதையல் எடுப்பவர்கள் கனமான பொருளைக் கயிறு கட்டி மேலே இழுப்பது சோம்பலால் இல்லை.

1963-ல் கடலடித் தொல்லியலாளர் பீட்டர் த்ரோக்மார்ட்டனும் சேர்ந்துகொள்ள, மறுபடியும் அதே பாறைக்கு ஒரு பயணம் நடந்தது. இந்த முறை கிளார்க்கும் போனார். ஆனா அவர் பழைய கிளார்க் இல்லை.

1962: உடம்பு கனத்த வருஷம்

அந்த வருஷத் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு கதவு நிலையில் தலை இடித்துக்கொண்டார். சில நாளில் கைகால் செயலிழந்தது. முதலில் தலைக்காயத்தால் வந்த முதுகுத்தண்டுப் பிரச்சினை என்று நினைத்தார்கள். போலியோ என்பது பிறகு தெரிந்தது. வயது 44. மூச்சு விடுவதே பாடாக இருந்த வாரங்கள் அவை. மாதக்கணக்கில் கிடந்து, மெல்ல எழுந்தார். முழு பலம் திரும்பவில்லை.

அதே வருஷம் வில்சன் இயக்கிய 'ரன்முத்து துவ' வெளியானது. சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப் படம். பணம் போட்டவர் கிளார்க். கடலடிக் காட்சிகள் நிறைந்த அந்தப் படம் நன்றாக ஓடியது. படுக்கையில் இருந்தவருக்குப் பொருளாதாரம் கொஞ்சம் நிமிர்ந்தது. கிரேட் பாசஸ் கதையை 'தி ட்ரெஷர் ஆஃப் தி கிரேட் ரீஃப்' என்று 1964-ல் புத்தகமாக்கினார்.

அதே 1964-ல்தான் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அவரைத் தொடர்புகொண்டார். நாலு வருஷம் கழித்து '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' வெளிவந்தது. அந்தப் படத்தில் விண்கலத்துக்கு வெளியே மனிதர்கள் மெதுவாக, சத்தமில்லாமல், தன் மூச்சை மட்டும் கேட்டபடி மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஸ்கூபாவில் இறங்கிய யாரையும் கேளுங்கள், அது அவர்களுக்குப் பழகின உலகம்.

அறிவியலும் அந்தப் பக்கமே வந்து சேர்ந்தது. விண்வெளியில் நடந்த முதல் சில வீரர்கள், பிடிமானம் இல்லாமல் சுழன்று, சின்ன வேலைக்கே களைத்துப் போனார்கள். 1966-ல் ஜெமினி-12 பயணத்துக்கு முன்னால் பஸ் ஆல்ட்ரின் நீச்சல் குளத்துக்குள் உடம்பில் எடை கட்டிப் பயிற்சி எடுத்தார். மேலே போய் வேலையைச் சிரமமில்லாமல் முடித்தார். இன்றும் விண்வெளி வீரர்களுக்குப் பெரிய தண்ணீர்த் தொட்டியில்தான் பயிற்சி. கிளார்க் பத்து வருஷம் முன்னால் கடலில் தேடியது அதைத்தான்.

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரில் உடம்பு நின்றாலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு மேல், கீழ் தெரியும்.  கையை வீசினால் தண்ணீர் தடுக்கும். விண்வெளியில் தடுக்க எதுவும் இல்லை.

போலியோ தாக்கிய பிறகு கிளார்க்குக்குக் கடல் வேறு ஒரு பொருள் தந்தது. கரையில் கால் ஒத்துழைக்கவில்லை. தண்ணீருக்குள் உடம்பைத் தூக்கிப் பிடிக்கக் கால் தேவையே இல்லை. சரியான ஈயம் இருந்தால் போதும். எந்த எடையின்மையை விண்வெளி ஆசைக்காகத் தேடி வந்தாரோ, அதுவே பலவீனமான உடம்புக்கு நடக்கும் இடமாக ஆனது. தண்ணீருக்கடியில் தான் முழு ஆள் என்று அவர் நம்பினார்.

ஹெக்டர் ஏகநாயக்கவோடு சேர்ந்து அண்டர்வாட்டர் சஃபாரிஸ் என்ற முக்குளிப்பு நிறுவனத்தை நடத்தினார். ஏகநாயக்க குடும்பம்தான் கொழும்பில் அவர் கடைசி வரை இருந்த வீட்டுக் குடும்பம். கொழும்பு ஆட்டர்ஸ் கிளப்பில் மேசைப் பந்தாட்டம் ஆடுவார்; பிற்காலத்தில் மேசையில் சாய்ந்துகொண்டே ஆடினார். 1988-ல் மருத்துவர்கள் போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்றார்கள். பல வருஷம் கழித்து மறுபடியும் தசை சோர்ந்துபோகும் பிரச்சினை அது. அதன் பிறகு பெரும்பாலும் சக்கர நாற்காலி.

மொரட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்தார். இலங்கையைக் களமாக வைத்து எழுதிய 'தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலும் 1979-ல்தான் வந்தது. பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் கதை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை, அதே 35,786 கிலோமீட்டர் உயரத்துப் பாதைக்குத்தான். அப்போதும் எடையை இழப்பதுதான் அவருக்கு விஷயம்.

திருக்கோணமலை அதற்குள் வேறு ஊராகிவிட்டது. 1983-க்குப் பிறகு போர் மூண்டதும் கிழக்குக் கடற்கரை சுற்றுலாவுக்கும் முக்குளிப்புக்கும் நெடுங்காலம் எட்டாமல் போனது. மீனவர்களே கடலுக்குப் போக முடியாத நாட்கள் இருந்தன. கிளார்க்கின் முக்குளிப்புத் தொழில் தெற்கே ஹிக்கடுவையில் நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி அந்த நிலையத்தையும் அடித்துக்கொண்டு போனது. அவர் வாழ்நாள் முழுக்கக் கொண்டாடிய கடல் அது. கொழும்பில் இருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

2005-ல் இலங்கை அரசு தன் உயரிய விருதான ஸ்ரீலங்காபிமான்யவை அவருக்கு வழங்கியது. 2008 மார்ச் 19 அன்று, 90-வது வயதில், மூச்சுத் திணறலோடு கொழும்பில் இறந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி எந்த மதச் சடங்கும் இல்லாமல் பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் நடந்தது.

போர் 2009-ல் முடிந்த பிறகு திருக்கோணமலைக் கடல் மறுபடி திறந்தது. சுவாமி மலைக்கு மேலே கோயில் மணி அடிக்க, கீழே தூண்களைப் பார்க்க முக்குளிப்பவர்கள் இறங்குகிறார்கள். பெரும்பாலும் முதுகில் ஒரு அலுமினிய சிலிண்டர். வெதுவெதுப்பான கடல் என்பதால் தடித்த ரப்பர் உடை வேண்டாம். ஈயமும் கொஞ்சம் போதும். எத்தனை கிலோ என்பதைப் படகிலேயே முடிவு செய்து, குதித்ததும் கழுத்தளவு நீரில் நின்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும், இழுத்தால் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இப்படிச் சரியாக இருந்தால், அது காலியாகும்போது வரும் இரண்டு கிலோவுக்கு இடுப்பில் கூட இரண்டு கட்டி.